மூன்று துளைகளை நம்பலாமா?

வேட்டைத் துப்பாக்கிக்குத் தாமே தோட்டா நிரப்பிக்கொள்ளும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர் சுடுவது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற, ஆற்றல் மிகுந்த தோட்டா வகை. கையேடு குறிக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், வெடிமருந்தை 0.3 கிரெயின் (ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம்) வீதம் கூட்டிப் பத்து அளவுகளில் தோட்டாக்கள் செய்து, ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டாக்களை 100 மீட்டர் தொலைவில் சுட்டிருக்கிறார். ஏழாவது அளவில் மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. துப்பாக்கிக்குப் பிடித்த அளவு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, அதே அளவில் பத்துத் தோட்டாக்களுடன் மறுவாரம் போய்ச் சுட்டபோது துளைகள் மூன்று விரல் அகலத்துக்குச் சிதறின. இடையில் என்ன மாறியது என்று கேட்கிறார். எதுவுமே மாறவில்லை என்பதே என் பதில்.

தோட்டாவின் அடியிலுள்ள ப்ரைமர் என்ற பற்றவைப்பான் தீப்பொறி தர, நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்து எரிந்து வளிமண்டல அழுத்தத்தைப்போல் நாலாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்க, 11.7 கிராம் குண்டு ஒன்றரை மில்லிநொடிக்குள் குழலைக் கடந்து நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இந்தத் தோட்டாவுக்குச் சுமார் 70 கிரெயின் மருந்து பிடிக்கும். ஆக, 0.3 கிரெயின் கூட்டினால் வேகம் நொடிக்கு மூன்று மீட்டர் அளவில்தான் கூடும். 100 மீட்டரைக் கடக்க ஆகும் 0.115 நொடியில் குண்டு ஆறரை சென்டிமீட்டர் கீழிறங்குகிறது என்றால், இந்த மூன்று மீட்டர் வேக வேறுபாடு அந்த இறக்கத்தை அரை மில்லிமீட்டர்கூட மாற்றாது. 600 மீட்டரில் அதே வேறுபாடு இரண்டு சென்டிமீட்டர் ஆகும். அங்கே அதைப் பற்றிக் கவலைப்படலாம்.

அப்படியானால் 100 மீட்டரில் துளைகள் ஏன் சிதறுகின்றன? காரணங்கள் பல; அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது குண்டின் சுழற்சியோடு தொடர்புடையது. குழலின் உட்புற வரிகள் 254 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் முறுக்கப்பட்டிருப்பதால், வெளியேறும் குண்டு நொடிக்கு 3,550 முறை சுழல்கிறது. குழலுக்குள் இருக்கும் வரை அது தன் வடிவத்தின் மையத்தைச் சுற்றித்தான் சுழல முடியும், ஏனெனில் எஃகுச் சுவர் அதை நாற்புறமும் பிடித்திருக்கிறது. ஆனால் குண்டின் செம்பு உறை ஒரு பக்கம் இம்மியளவு தடித்திருந்தால், நிறையின் மையம் வடிவத்தின் மையத்திலிருந்து விலகியிருக்கும். குழலுக்குள் அந்த நிறைமையம் ஒரு நுண்ணிய வட்டத்தில் சுற்றிக்கொண்டே முன்னேறும். குழல்வாயைத் தாண்டிய கணத்தில் பிடி விடுபடுகிறது. கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, அந்தக் கணத்தில் நிறைமையம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் குண்டு பக்கவாட்டாகவும் நகரத் தொடங்குகிறது.

விலகல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு வேகம் நொடிக்கு 22 சென்டிமீட்டர் வருகிறது. 100 மீட்டரில் குண்டு இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போய்த் தைக்கும். எந்தப் பக்கம் தள்ளும் என்பது தடித்த பக்கம் தோட்டாவை அறையில் இட்டபோது எங்கே திரும்பியிருந்தது என்பதைப் பொறுத்தது. அதை யாரும் பார்த்து இடுவதில்லை. நல்ல குண்டுகளில் விலகல் இதைவிடப் பன்மடங்கு குறைவு, எனினும் பூச்சியமன்று. பிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் வேண்டுமென்றே பழுதாக்கிய குண்டுகளைச் சுட்டு இதையெல்லாம் ஆராய்ந்து 1909இல் வெளியிட்டார். மருந்துத் தராசில் நாலைந்து துணுக்குகளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நேரத்தைக் குண்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடலாம் என்பது என் கட்சி.

சுடும்போது குழல் அதிர்கிறது என்பதும் உண்மையே. அந்த அதிர்வில் குழல்வாய் திசைமாறுமுன் கணநேரம் நிற்கும் தருணத்தில் குண்டு வெளியேறும்படியான மருந்தெடையைக் கண்டுபிடிப்பதே படிப்படியாகக் கூட்டும் சோதனையின் நோக்கம். அத்தகைய எடை இருக்கிறது என்றே கொண்டாலும், மூன்று துளைகள் அதைக் காட்டிக்கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். பத்து அளவுகளும் துல்லியத்தில் முற்றிலும் சமம், மூன்று துளைகளுக்கிடையிலான பெரும இடைவெளி சராசரியாக 30 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், தற்செயலின் விளையாட்டிலேயே பத்தில் ஒன்று 15 மில்லிமீட்டரை ஒட்டியும் மற்றொன்று 45 மில்லிமீட்டரை ஒட்டியும் விழும். பத்துச் சீட்டில் ஒன்று சிறியதாக இருந்தே தீரும். அதை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குக் காரணம் கற்பிப்பது மூடநம்பிக்கையின் பழைய வழி. அதே துப்பாக்கியில் பத்து முறை சுட்டால் பெரும இடைவெளியின் சராசரி 47 மில்லிமீட்டர், அதாவது நம் வாசகர் மறுவாரம் கண்ட மூன்று விரல் அகலம்.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் பார்க்கும் திட்டவிலக்கத்துக்கும் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) இதே கதிதான். திட்டவிலக்கத்தின் உண்மை மதிப்பு, 95 விழுக்காடு உறுதியில், மூன்று அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட மதிப்பின் பாதியிலிருந்து ஆறு மடங்கு வரை எங்கும் இருக்கலாம். பத்து அளவீடுகளில் 0.7 முதல் 1.8 மடங்கு வரை. சிறு மாதிரிகளை எப்படி நம்புவது என்ற கணக்கை 1908இல் வெளியிட்ட வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையின் ஊழியர். ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும்போது உடனடிப் பயன் என்ன என்று கேட்பவர்களிடம், பீர் ஆலையில் பிறந்த அந்தக் கணக்கு நோய்க்கான மருந்துகளின் சோதனை வரை பயன்படுவதை நான் சொல்வதுண்டு.

மேக்னத்தில் வேடிக்கை என்னவென்றால், அதிக மாதிரிகளைச் சேகரிக்க அது விடுவதில்லை. பின்னுதைப்பு தோளை இடிக்கிறது, மெல்லிய வேட்டைக் குழல் ஐந்தாறு சுடுகைகளில் தொட முடியாதபடி சூடாகிறது, மருந்தின் வெப்பத்தில் குழலின் தொண்டை, அதாவது தோட்டா அமரும் இடத்தை அடுத்த பகுதி, ஓரிரண்டாயிரம் சுடுகைகளில் அரித்துப்போகிறது. பத்து அளவுகளுக்கு முப்பது வீதம் சுட்டால் குழலின் ஆயுளில் கணிசமான பங்கு சோதனைக்கே போய்விடும்.

ஆகவே வாசகரிடம் புதிதாக எதையும் சுடச் சொல்லவில்லை. பத்து இலக்குத்தாள்களையும் சாளரக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து, குறிப்புள்ளியைப் பொருத்தி, எல்லாத் துளைகளையும் ஒரே தாளில் பென்சிலால் எடுக்கச் சொன்னேன். ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்கு அரை மில்லிமீட்டர்கூட நகராதவற்றை ஒன்றாகச் சேர்ப்பதில் பெரிய தவறில்லை. முப்பது துளைகளும் ஒரே மேகமாக வந்தன. அவர் கொண்டாடிய மூன்றும் அந்த மேகத்தின் மையத்தில் இல்லை, ஒரு சென்டிமீட்டர் வலப்புறம் ஒதுங்கியிருந்தன. அந்த மூன்றை நம்பித் துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியை ஒரு சென்டிமீட்டர் இடப்புறம் திருத்தியிருந்ததாக அவர் பிறகு எழுதினார்.