களிமண் காப்பாற்றிய ஊர்: க்வெட்லின்பர்க்கின் மரவீடுகள் எப்படி நிற்கின்றன?

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலையின் வடக்கு அடிவாரத்தில், போடெ ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் க்வெட்லின்பர்க். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் சில 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல் கோட்டை பல நூறு வருடம் நிற்பது சரி, மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் மரமும் மண்ணும் எப்படி நிற்கின்றன?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 919-ல் அரசரான முதலாம் ஹென்றிக்குப் பிடித்த ஊர் இது. 936-ல் அவர் இறந்ததும் இங்கே குன்றின் மேல்தான் அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு அவர் மனைவி மட்டில்டா, மகன் ஓட்டோவின் ஆதரவோடு அங்கே பெண்களுக்கான ஒரு மடத்தை நிறுவினார். அதன் தலைவிகள்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊருக்கு அதிபதிகள். நடுவில் வணிகர்கள் பணம் சேர்த்து, 1426-ல் ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்து கொஞ்சம் தலை நிமிர்ந்தார்கள். ஆனால் 1477-ல் மடத்தலைவி ஹெட்விக் தன் சகோதரர்களின் படையை வரவழைத்து அவர்களை அடக்கிவிட்டார்.

இனி வீட்டுக்கு வருவோம். இந்த வீடுகளில் சுவர் எடையைத் தாங்குவதில்லை. கல் அடித்தளத்தின் மேல் ஒரு படுக்கை மரம், அதன் மேல் தூண்கள், தூண்களின் மேல் உத்திரங்கள், சட்டம் சாயாமல் இருக்கக் குறுக்கே சாய்வுக் கட்டைகள் என்று மொத்தப் பாரமும் மரத்தின் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொன்றில் குடைந்த துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அடித்துவிடுவார்கள். முதலில் முழுச் சட்டத்தையும் தரையில் பரப்பிப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ஓர் அடையாளம் வெட்டி, கழற்றி எடுத்துப்போய் இடத்தில் நிறுத்துவார்கள். நெருங்கிப் பார்த்தால் அந்த வெட்டுக்கோடுகள் பல இடங்களில் இன்னும் தெரியும்.

மரம் பெரும்பாலும் ஓக், அதுவும் பச்சையாகவே பயன்படுத்தியது. காய்ந்தால் இரும்பு போல இறுகிவிடும், செதுக்குவது பெரும்பாடு. இதில் ஆய்வாளர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது: வெட்டின கையோடு கட்டிவிடுவதால், பட்டைக்கு அடியில் இருக்கிற கடைசி ஆண்டு வளையம் எந்த வருடத்தது என்று கண்டுபிடித்தால் வீட்டின் வயதும் கிட்டத்தட்ட தெரிந்துவிடும். வோர்ட்காஸே தெருவின் 3-ஆம் எண் வீடு 1340-களில் கட்டியது என்று கணித்திருப்பதும் இந்த வளையங்களை வைத்துத்தான். அந்த வீட்டில் தூண்கள் அடியிலிருந்து கூரை வரை ஒரே மரம். அவ்வளவு நீளமான மரம் எப்போதும் கிடைக்காதே! அதனால் பின்னால் மாடி மாடியாகத் தனிச் சட்டம் அடுக்கத் தொடங்கினார்கள். மேல்மாடியைத் தெருப் பக்கம் கொஞ்சம் நீட்டிக் கட்டும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. இதில் உள்ளே இடம் கூடும், கீழ்ச் சுவரில் மழை படாது. இன்னொன்றும் உண்டு: வெளியே நீட்டிய உத்திர முனையில் மேல்சுவரின் பாரம் உட்காரும்போது, அறைக்குள் இருக்கிற உத்திரத்தின் நடுப்பகுதி மேல்நோக்கி நெம்பப்படுகிறது, அதனால் தரை தொய்வது குறைகிறது.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான நாயகன் மரம் இல்லை, களிமண்தான். சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை வரிச்சு கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். களிமண் தன்னிடம் குறைவான ஈரத்தையே வைத்துக்கொள்ளும், பக்கத்து மரத்தில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியே விட்டுவிடும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. இந்தக் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்லது செய்வதாக நினைத்துச் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும், சிமெண்ட் அசையாது. நடுவில் முடி அளவு இடுக்கு விழும், மழைத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வெளியே பளிச்சென்று இருக்கும் வீட்டுக்குள் மரம் சில பத்தாண்டுகளில் உளுத்துப் போயிருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய இந்த ஊரைக் கிழக்கு ஜெர்மனிக் காலத்தின் பணத் தட்டுப்பாடும் கவனிப்பின்மையும்தான் அதிகம் வாட்டின. ஒழுகும் கூரைகளை மாற்ற வழியில்லாமல் வீடுகள் நனைந்தே அழுகின, ஒரு பகுதியை இடித்துக் காங்கிரீட் குடியிருப்புகளும் கட்டினார்கள். நல்லவேளை, 1989-ல் ஆட்சி ஆட்டம் கண்டது. 1994-ல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த மாதிரி வீட்டைப் பழுதுபார்க்க முழுசாக இடிக்க வேண்டியதில்லை: ஜாக்கி வைத்துச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, உளுத்த படுக்கை மரத்தை மட்டும் உருவிவிட்டுப் புது ஓக் கட்டையைச் செருகலாம். தூணின் அடி மட்டும் அழுகியிருந்தால் அந்த அளவை அறுத்து எடுத்து ஒட்டுப் போடலாம். உதிர்ந்த பழைய களிமண்ணையே தண்ணீர் விட்டுக் குழைத்து மறுபடி அப்பலாம்.