"பதிவு இல்லை" என்று சொன்னால் அம்மாவின் ஊரில் தேடுங்கள்

எங்கள் தாலுகாவில் வக்கீல் தொழில் செய்கிறவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கைகளில் ஒன்று, "சார், பிறப்புச் சர்டிபிகேட் இல்லை, லேட்டாகப் பதிவு செய்து வாங்கித் தர முடியுமா?" என்பது. கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை குடியுரிமைக்குக் கேட்டிருப்பான், அல்லது பாஸ்போர்ட்டில் ஒரு சிக்கல் வந்திருக்கும். சொந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்டிருப்பார்கள், "பதிவு இல்லை" என்று பதில் வந்திருக்கும். அதோடு தேடல் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வருவார்கள்.

மனு எழுதுவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் எங்கே நடந்தது?"

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அப்பாவின் ஊரோ, ரேஷன் கார்டில் உள்ள முகவரியோ கணக்கில் வராது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆகவே மூத்த பிள்ளையின் பதிவு தாய்மாமன் ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். வலி அதிகமாகி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த நகராட்சியின் பதிவேட்டில் இருக்கும். இளைய பிள்ளைகளின் பதிவு மட்டும் அப்பாவின் ஊரில் கிடைப்பது உண்டு. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று இடங்களில் பதிவு என்பதெல்லாம் சாதாரணம்.

அடுத்த சிக்கல் தேதி. பள்ளி மாற்றுச் சான்றிதழில் (டி.சி.) உள்ள பிறந்த தேதியைக் கொடுத்துத் தேடச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வயது ஐந்து நிறைய வேண்டும் என்பதற்காக மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். உண்மையான பிறப்பு அதற்கு ஓராண்டு முன்போ பின்போ இருக்கும். அந்த ஒரு தேதிக்கான பக்கத்தை மட்டும் புரட்டினால் எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்று, பெயர். பிரசவமான வாரத்தில் குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பதிவேட்டில் "பெண்" என்று மட்டும் இருக்கும், பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அதனால் உங்கள் பெயரைச் சொல்லித் தேடினால் வராது. அம்மா பெயர், அப்பா பெயர் இரண்டையும் வைத்துத்தான் தேட வேண்டும், அதிலும் ஊரில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து.

வெளிநாட்டுக்குப் போகவிருந்த ஒரு நர்ஸின் விஷயத்தில் இந்த மூன்றும் ஒன்றாக வந்தன. அப்பாவின் ஊரில் பதிவு இல்லை. அம்மாவின் ஊர்ப் பதிவேட்டில் டி.சி. தேதிக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அம்மா பெயர் சரி, அப்பா பெயர் மட்டும் வேறு. ஆதார் கார்டில் பெருமாள்சாமி, பதிவேட்டில் சின்னச்சாமி. அந்தப் பதிவு வரியின் கடைசியில், தகவல் கொடுத்தவர் கட்டத்தில் ஒரு பெயரும் மங்கிய கைநாட்டும் இருந்தன. அந்தப் பெயரை வாசித்ததும் நர்ஸின் அம்மா, "அது எங்க அப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் வீட்டில் மாப்பிள்ளையைச் சின்னச்சாமி என்றுதான் கூப்பிடுவார்களாம். பேரக்குழந்தை பிறந்ததைப் பதிவு செய்யத் தாத்தாவே நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அது அந்த நர்ஸின் பதிவுதான் என்பதில் சந்தேகம் இல்லை. பெயர் சேர்ப்பதும் தந்தை பெயரைத் திருத்துவதும்தான் பாக்கி.

இதைத் தேடாமல், கேட்டபடியே தாமதப் பதிவுக்கு மனு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்புப் பதிவுகள், இரண்டு தேதிகள். பின்னால் தூதரகத்திலோ பாஸ்போர்ட் அலுவலகத்திலோ பழைய பதிவு வெளியே வந்தால் எது உண்மை என்று அவர்தான் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். புரோக்கர்கள் இதைச் சொல்வதில்லை. "பழசைத் தேடி என்ன ஆகப்போகுது, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்" என்கிறார்கள். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

சரி, எங்கே தேடுவது? கிராமம் என்றால் வி.ஏ.ஓ., நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. ஆனால் பழைய பதிவேடுகள் வி.ஏ.ஓ. கையில் இருக்காது. தாலுகா அலுவலகப் பதிவறையிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிவுகள் அந்தப் பரம்பரை அதிகாரிகளான கிராம முன்சீப்பும் கர்ணமும் எழுதியவை, பழைய எழுத்துமுறையில் இருக்கும், வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. மாவட்டப் பிரிவினைகளையும் மறக்கக் கூடாது. தென்காசி 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, கள்ளக்குறிச்சி விழுப்புரத்தில் இருந்தது. தாலுகாக்களும் அப்படியே பிரிந்தன. பிறந்த ஆண்டில் அந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று பார்த்து, அந்தப் பழைய தாய்த் தாலுகாவிலும் கேளுங்கள். 2018 முதலான பிறப்புகள் என்றால் மாநில அரசின் இணையதளத்திலேயே சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம், அலைச்சல் இல்லை.

வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் கேட்கும் உரிமையை யாருக்கும் தருகிறது. மனுவில் அம்மா பெயர், அப்பா பெயர், இருவரின் வழக்குப் பெயர்கள், தாத்தா பெயர், தெரு, ஊர் எல்லாவற்றையும் எழுதுங்கள். தேதிக்குப் பதிலாக, டி.சி. ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகளைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்லுங்கள். அண்ணன், அக்கா பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தால் அதையும் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். மனுவின் நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஜாதகம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், டி.சி.யைவிட ஜாதகத்தின் தேதி பதிவேட்டுக்கு நெருக்கமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதிவு கிடைத்து பெயர் மட்டும் இல்லையென்றால், பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை பெயர் சேர்க்கலாம், முதல் ஓராண்டுக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதைவிடப் பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு தருகிறது. இப்போது எந்த உத்தரவு நடப்பில் இருக்கிறது என்று பிறப்பு இறப்புப் பதிவாளரிடமே கேளுங்கள். எழுத்துப் பிழை, பெயர்ப் பிழைகளுக்கு 15-ஆவது பிரிவு இருக்கிறது. பழைய வரியை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடுவார்கள்.

எல்லா இடத்திலும் தேடியும் உண்மையிலேயே பதிவு இல்லையா? வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவங்களில் அப்படியும் உண்டு. அப்போது பதிவு இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கக் குடியேற்ற விசா போன்றவற்றுக்கு, அந்தச் சான்றோடு பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் பள்ளிச் சான்றும் வைத்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தாமதப் பதிவுதான் வேண்டும் என்றால் அதற்கும் இந்தச் சான்று அடிப்படை. ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதிவு செய்ய முன்பு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது, இப்போது வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். அவர் விசாரித்து உத்தரவிட்டால் பதிவாளர் பதிவு செய்வார்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த 21 நாளுக்குள் பதிவானால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அம்மா, அப்பா பெயர்களின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அவர்களுக்கு டி.சி. கைகொடுக்காது.