வீட்டில் இருந்தவர்களிடம் மட்டும் கேட்ட ஆய்வு

கும்பகோணத்தில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிவதோடு, முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் பொறுப்பும் எனக்கு உண்டு. டெல்டா விவசாயிகளின் மன அழுத்தம், மாணவர்களின் தேர்வுப் பயம், கைபேசிப் பழக்கம் என்று தலைப்புகள் மாறினாலும், ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு வரி மட்டும் ஏறக்குறைய மாறுவதே இல்லை: "சமவாய்ப்பு முறையில் மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்டது." அதாவது, ஒரு பட்டியலில் உள்ள எல்லோருக்கும் சம வாய்ப்புக் கிடைக்கும்படி குலுக்கலில் ஆட்களை எடுத்தார்கள் என்று பொருள். விசாரித்தால், வினாத்தாளைக் கூகுள் ஃபார்மில் ஏற்றி வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினார்கள் என்பதும், நிரப்பித் தந்தவர்கள் பெரும்பாலும் மாணவரின் உறவினரும் நண்பர்களும்தான் என்பதும் தெரியவரும். கைக்கு எட்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இம்முறைக்கு வசதி மாதிரி என்று பெயர். அதைப் பயன்படுத்துவது குற்றமில்லை. முன்னோட்ட ஆய்வுக்கு அது போதும். ஆனால் அதிலிருந்து கிடைத்த விழுக்காட்டை "டெல்டா விவசாயிகளில் இத்தனை பேர்" என்று எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பயிர்க் காப்பீட்டுக்காக விளைச்சலை அளக்கும் அறுவடைப் பரிசோதனையைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எந்த வயலில், எந்த மூலையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து அறுப்பது என்பதை யாராவது கண்ணால் பார்த்து முடிவு செய்தால், விளைந்த இடத்தையோ சாய்ந்த இடத்தையோ அவரவர் விருப்பப்படி காட்டிவிட முடியும். அதனால்தான் அந்த இடத்தைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு குறிக்கிறார்கள். இது தற்செயலான பொருத்தமும் அன்று. உளவியல் இன்று பயன்படுத்தும் சோதனை வடிவமைப்பின் பெரும்பகுதி வயலில் உருவானதே. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், உரங்களையும் பயிர் வகைகளையும் ஒப்பிடும்போது எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் ஒதுக்க வேண்டும் என்று வாதிட்டார். இந்தியாவில் 1931இல் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் பயிரை அளவிடப் பெருமளவிலான மாதிரி ஆய்வுகளை நடத்திக் காட்டினார்.

சமவாய்ப்பு முறைக்கு முதலில் ஒரு பட்டியல் வேண்டும். டெல்டாவில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். விவசாயிகளின் பட்டியல் என்று மாணவர் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா விவரம் கேட்கிறார். பட்டாவில் இருப்பவர் நிலத்தின் உரிமையாளர். அவர் சென்னையில் குடியிருக்கலாம். கோயில் நிலமும் மடத்து நிலமும் மிகுந்த இந்தப் பகுதியில் பல இடங்களில் பட்டா சுவாமி பெயரில் இருக்கும், சுவாமியிடம் மன அழுத்த வினாத்தாளைக் கொடுக்க இயலாது. அந்த நிலத்தை உழும் குத்தகைதாரரும், நடவு நட்டுக் களை பறிக்கும் கூலிப் பெண்களும் அப்பட்டியலில் இல்லை. ஆகவே, எவ்வளவு நேர்மையாகச் சீட்டுப் போட்டாலும், விடுபட்டவர்கள் விடுபட்டவர்களே.

வாக்காளர் பட்டியல் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதில் பெயர் உள்ளவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் முதியவர்களும் நோயாளிகளும்தான். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வது மிக எளிதான வழி. ஆய்வைச் சத்தமில்லாமல் கெடுப்பதும் அதுவே. அதே வீட்டுக்கு மாலையிலும், வேறொரு கிழமையிலும் திரும்பச் செல்ல வேண்டும். வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் முன்கூட்டியே விதியாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திண்ணையில் இருக்கும் ஆண்மகனே எல்லா வீட்டிலும் பேசுவார். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் இதற்கென்றே ஓர் அட்டவணை முறையை வகுத்தார். ஊர்ப் பெரியவர் வழிகாட்ட, குடியானத் தெருவோடு நின்றுவிட்டு, ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போகாமலே திரும்பிய ஆய்வுகளையும் நான் திருத்தியிருக்கிறேன். உரிமையாளர், குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் என்று முதலிலேயே அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது இந்தக் குறையைப் பெருமளவு தவிர்க்கும்.

"ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறோமே" என்பது வழக்கமான பதில். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு பத்திரிகை ஏறத்தாழ 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் வென்றார். பெயர்கள் எடுக்கப்பட்டவற்றுள் தொலைபேசிப் பதிவேடும் கார் உரிமையாளர் பதிவேடும் முக்கியமானவை; இவை இரண்டும் இல்லாதவர்கள் அவற்றில் வரமாட்டார்கள். சீட்டு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பதிலே அளிக்கவில்லை.

அடுத்தது காலம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டது. அறுவடைக்கு முன் பணமுடையில் இருக்கும்போதும், அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகும் அதே ஆட்களிடம் அறிவுத்திறன் சோதனைகளை நடத்தி, முன்பைவிடப் பின்பு நன்றாகச் செய்தார்கள் என்று கண்டார்கள். புள்ளிவிவரங்களைக் கையாண்ட விதம் பற்றிப் பிறகு விமர்சனமும் எழுந்தது. என்றாலும் வடிவமைப்பு கற்றுக்கொள்ளத் தக்கது. சர்க்கரை ஆலை ஒரே நாளில் எல்லாக் கரும்பையும் அரைக்க முடியாது என்பதால், வெட்டு உத்தரவு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் பல மாதங்களாகத் தள்ளித் தள்ளி வருகிறது. ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். ஆகவே வெயில், மழை, பண்டிகை ஆகியவற்றின் பங்கைப் பணத்தின் பங்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறது. இரண்டாம் முறை எழுதுவதால் வரும் பழக்கத் தேர்ச்சியைக் கணக்கிட, ஒரு பகுதியினரை அறுவடைக்குப் பிறகே முதன்முறையாகச் சோதித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியே தஞ்சாவூரில் சம்பா விவசாயிகளிடம் செய்யலாம் என்று வருபவர்கள் உண்டு. இங்கே அது பொருந்தாது. சம்பா அறுவடை தை, மாசியை ஒட்டி ஒரு பகுதி முழுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே நடக்கும். முந்தைய அளவீட்டில் வடகிழக்குப் பருவமழையும் வயலில் தேங்கிய நீரும் கலந்திருக்கும். பிந்தைய அளவீட்டில் பொங்கலும் வீடு திரும்பிய பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். மனம் லேசானது பணத்தாலா, மழை விட்டதாலா என்பதைத் தனியே பிரிக்க அந்த வடிவமைப்பில் வழியே இல்லை.

பள்ளிகளில் நடக்கும் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சிகளின் வெற்றி அறிக்கைகளில் இருப்பதும் இதே ஓட்டைதான். பிப்ரவரியில் பிளஸ் டூ மாணவர்களின் பதற்றத்தை அளந்து, மூச்சுப் பயிற்சி கொடுத்து, ஏப்ரலில் மீண்டும் அளந்தால் அது குறைந்துதான் இருக்கும். இடையில் தேர்வு முடிந்துவிட்டது. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும், யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கலே முடிவு செய்ய வேண்டும். விரும்பி வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் மறுபக்கம் என்று வைத்தால் ஆர்வத்தின் பலனைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தால் மாலைக்குள் மீதிப் பேரும் கற்றுக்கொள்வார்கள் என்பதால் வகுப்பு வாரியாகவோ பள்ளி வாரியாகவோ ஒதுக்குவது நல்லது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே பயிற்சியைப் பிறகு அளித்துவிடலாம். ஊரிலிருந்து ஆட்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பது வேறு, வந்தவர்களைக் குலுக்கலில் குழுக்களாகப் பிரிப்பது வேறு; முன்னது முடிவை ஊருக்கே பொதுவாக்க உதவுகிறது, பின்னது காரணத்தைச் சொல்ல உதவுகிறது.

சில கேள்விகளில் குலுக்கலுக்கே இடமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதன் பின் நிவாரண முகாமில் மட்டும் கேட்டால், உறவினர் வீட்டுக்குப் போனவர்களும் வேலை தேடி ஊரைவிட்டுக் கிளம்பியவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். புயலுக்கு முன் எடுத்த அளவீடு கையில் இல்லாத ஆய்வாளர், நில அளவிலும் பயிரிலும் ஒத்த, பாதிப்புக் குறைந்த ஊர்களைத் தேடி ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும் அந்த ஊர்களுக்கிடையே முன்பே இருந்த வேறுபாடுகளைப் பட்டியலிட்டு, தம்மால் சரிசெய்ய முடிந்தவை எவை, முடியாதவை எவை என்று எழுத வேண்டும்.