மிலிட்டரிக்காரர் சொன்னால் மாரடைப்பு கேட்குமா?

ஏற்காட்டில் யாருக்காவது நெஞ்சு இறுக்கிப் பிடித்து மூச்சு வாங்கினால் அது "ஹை ஆல்டிட்யூட்", அதாவது மலை உயரத்தால் வரும் கோளாறு, இல்லை. அது இதயம், அல்லது நுரையீரல். மீதிக் கட்டுரையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். இந்த எண்களை நான் எழுத வேண்டி வந்ததே போன கோடை விழா சமயத்தில் வந்த ஒரு நோயாளியால்தான். அவர் முதல் ஆளும் இல்லை என்பதால்தான் இவ்வளவு எரிச்சல்.

நாமக்கல் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு மலைக்கு வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் நெஞ்சில் பாரம், சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, மூச்சு வாங்கல். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் குடியிருக்கிறார், லடாக்கில் பணியாற்றியவர். அவர் வந்து பார்த்திருக்கிறார். "ஆக்சிஜன் கம்மிங்க, எங்களுக்கெல்லாம் இது சகஜம். பூண்டை மென்னுட்டுப் படுங்க, காலையில சரியாயிடும்." குடும்பமும் நிம்மதியாகப் படுத்துவிட்டது. விடிந்தபோது நோயாளியின் முகமே வெளுத்துப் போயிருந்தது. அதற்கப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வந்து சேர்ந்தார்கள். அட்டாக் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டது என்று ஈசிஜியைப் பார்த்தவுடனே தெரிந்தது. ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் முன்பக்கத் தசையில் நல்ல பங்கு போய்விட்டது, இனி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ராத்திரியே ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவருடைய மனைவி சொன்னார்: "அவரு மிலிட்டரியில இருந்தவருங்க டாக்டர். தெரியாமலா சொல்வாருங்க?"

இந்தக் கேள்வியை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அந்த முன்னாள் வீரர் பொய் சொல்லவில்லை. லடாக்கில் அவர் பார்த்தது நிஜம். உயர மலை நோயைப் பற்றி நம் ராணுவத்துக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வெகு சிலருக்கே தெரியும். 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து திடீரென்று மேலே அனுப்பப்பட்ட வீரர்கள் நுரையீரலில் நீர் கோத்துத் துடித்ததைப் பார்த்தவர்கள் நம் ராணுவ மருத்துவர்கள். 1,925 வீரர்களைக் கவனித்து அவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வை மருத்துவ உலகம் இன்னும் மேற்கோள் காட்டுகிறது. அந்த அறிவின் பலனாக ராணுவத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. 9,000 அடிக்கு மேல் போகிறவர் முதலில் 6 நாள் உடம்பைப் பழக்க வேண்டும். 12,000 அடியைத் தாண்டினால் இன்னொரு 4 நாள், 15,000 அடியைத் தாண்டினால் மறுபடி 4 நாள்.

கவனியுங்கள், அந்தக் கணக்கே 9,000 அடியில்தான் ஆரம்பிக்கிறது. ஏற்காடு 5,000 அடி. அதாவது அந்த முன்னாள் வீரருடைய கருத்தை அவர் வேலை பார்த்த ராணுவமே ஏற்றுக்கொள்ளாது.

ராணுவச் சேவைக்கு நாம் தரும் மரியாதை வேறு, ராணுவத்தில் இருந்தவர் ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்லும் கருத்தின் எடை வேறு. முன்னதை அவர் சம்பாதித்துவிட்டார், அதில் யாரும் கை வைக்க முடியாது. பின்னதை ஒவ்வொரு விஷயத்துக்கும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். பட்டாளத்துக்குள்ளேயே நிலைமை இதுதான். ஒரு வீரரின் மருத்துவத் தகுதியை நிர்ணயிப்பது மருத்துவ அதிகாரி. துப்பாக்கி சுடுவதில் பதக்கம் வாங்கியவர் என்பதற்காக சுபேதாரை அழைத்து ஈசிஜி படிக்கச் சொல்ல மாட்டார்கள். பட்டாளத்திலேயே இல்லாத பழக்கம் நம் தெருவுக்கு எங்கிருந்து வந்தது?

"மிலிட்டரியில் இருந்தார்" என்றவுடன் நம் ஆட்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதே இல்லை. எந்தப் பிரிவு? சிக்னல்ஸா, வண்டி ஓட்டினாரா, அலுவலகத்தில் கிளார்க்கா, சமையலா, பீரங்கியா? எல்லாமே தேவையான வேலைதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை. ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்தவர் நெஞ்சு வலியைப் பற்றிப் பேசினால் நானே காது கொடுத்துக் கேட்பேன். (அப்படிப்பட்டவர் பூண்டு மெல்லச் சொல்லியிருக்கவும் மாட்டார், அது வேறு விஷயம்.)

பாம்புக்கடியிலும் இதே கதைதான். காப்பித் தோட்டத்தில் கடிபட்டவர்களில் சிலர் துண்டை இறுக்கக் கட்டி, கால் நீலம் பாய்ந்த நிலையில் வருகிறார்கள். யார் கட்டியது என்று விசாரித்தால் பல நேரம் ஊரில் இருக்கும் பழைய ராணுவ வீரர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் முதலுதவி வகுப்பில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அவர் மேல் தப்பில்லை. குண்டடி பட்டுக் கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் இறுக்கமான கட்டு உயிரைக் காப்பாற்றும், இன்றைய போர்க்களங்களிலும் அதுதான் நடைமுறை. பாம்புக்கடிக்கு அதே கட்டுப் போட்டால் காலே போகலாம். கத்தியால் கீறுவது அதைவிட மோசம். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாது, கீறிய இடத்திலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: வழியில் யாராவது கட்டியிருந்தால் நீங்களாக அவிழ்க்காதீர்கள். மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டே நாங்கள் அவிழ்ப்போம்.

ராணுவக் கேன்டீன் ரம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிருக்கு ரம் குடித்தால் உடம்பு சூடாகாது. தோலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால் சூடு மாதிரித் தெரியும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். சளி பிடித்த குழந்தைக்கு ரெண்டு சொட்டு என்று யாராவது ஆரம்பித்தால், அவர் ஜெனரலாகவே இருந்தாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

என் கிளினிக் வரவேற்பறையில் நாட்டு நடப்பும் ஓடும். அதிலும் இதே வாதம்தான்: "அவர் பார்டர்ல நின்னவர், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" 2022 ஜூனில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? நாலு வருஷப் பணி, அதில் 25 சதவீதம் பேர் வரை மட்டும் நிரந்தரம். ஓய்வுபெற்ற அதிகாரிகளில் ஒரு சாரார் இது அவசியமான சீர்திருத்தம் என்றார்கள், இன்னொரு சாரார் படையின் கட்டுக்கோப்பு கெடும் என்றார்கள். இரண்டு பக்கமும் பல வருஷம் சீருடை போட்டவர்கள்தான். சேவையே கருத்துக்கு எடை தரும் என்றால் இதில் யாரை நம்புவது? கடைசியில் அவரவர் சொன்ன காரணத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆள்சேர்ப்பு, பயிற்சி, பனியில் பதுங்கு குழிக்குள் ஒரு இரவு எப்படிப் போகும் என்பதையெல்லாம் அவர்கள் சொன்னால் நாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வெளியுறவுக் கொள்கை, பட்ஜெட், யாருக்கு ஓட்டு என்று வந்துவிட்டால் அவர்கள் சொல்வதையும் மற்ற குடிமக்கள் சொல்வதைப் போலவே உரசிப் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பது அவமரியாதை ஆகாது.

சரி, மலைக்கு வருகிறவர்களும் மலையில் இருப்பவர்களும் செய்ய வேண்டியது இதுதான். நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்து, உட்கார்ந்து ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் போகவில்லையா, 108ஐக் கூப்பிடுங்கள். தாடை, இடது கை, மேல் வயிறு என்று வலி எங்கேயும் காட்டலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் வியர்வையுமாக வரலாம், இதைத்தான் "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், தானே கார் ஓட்டிக்கொண்டு மலை இறங்கவும் விடாதீர்கள். நேராகச் சேலம் என்று கிளம்பாமல் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்ததிலிருந்து, மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும்கூட வைத்திருக்கிறார்கள். கீழே இறங்குவதற்குள் அவை உள்ளே போயிருக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு முன்னாள் வீரர் இருந்து ஆலோசனை சொன்னால், "ஐயா, நீங்க எந்தப் பிரிவுல இருந்தீங்க?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல வீரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

முன்னாள் வீரர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வார்த்தைக்கு ஊரே கட்டுப்படுகிறது. பதற்றம் இல்லாமல் நாலு பேரை வேலை வாங்க உங்களைப் போல ஆள் கிடைக்காது. நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் என்ன நோய் என்று சொல்லாதீர்கள், "வண்டியில ஏறு" என்று மட்டும் சொல்லுங்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள்கூட நீங்கள் சொன்னால் ஏறிவிடுவார்கள். மார்பை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். பயிற்சியையும் புதிதாக ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் படித்ததற்கும் இன்றைய முறைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம் உங்கள் உடம்பு. "பட்டாளத்து உடம்புங்க, எனக்கு ஒண்ணும் வராது" என்பதும் ஒரு கருத்துதான், அதற்கும் எடை கிடையாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிய காலம் முடிந்துவிட்டது. அப்போது பழகிய சிகரெட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் ஈ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது இல்லையா? மனைவிக்கு மூட்டு வலி மாத்திரை வாங்க அங்கே போகும்போது உங்கள் பெயரையும் எழுதிவைத்து ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள்.