கிருஷி உடான்: எல்லையோரக் காய்கறி விவசாயிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது

கிருஷி உடான் என்பது விளைபொருளை விமானத்தில் அனுப்புவதற்கான மத்திய அரசுத் திட்டம். தமிழக-கேரள எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் அதன் பெயரைச் சொன்னதும் முதலில் கேட்கப்படுவது, "என் கணக்கில் மானியம் ஏறுமா?" என்பதுதான். ஏறாது. ஏறும் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2020 ஆகஸ்டில் தொடங்கி 2021 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட கிருஷி உடானுக்குத் தனி நிதி ஒதுக்கீடே கிடையாது. எட்டு மத்திய அமைச்சகங்களும் துறைகளும் கையிலிருக்கும் திட்டங்களை இதில் இணைத்துக்கொள்கின்றன. தரையிறங்குவதற்கும் நிறுத்துவதற்கும் வழிகாட்டலுக்குமான கட்டணங்கள் தள்ளுபடியாவது இந்தியச் சரக்கு விமானங்களுக்கும், சரக்குக்காக மாற்றப்பட்ட பயணிகள் விமானங்களுக்கும்தான். திட்டத்தில் சேர்ந்த விமான நிலையங்களின் பட்டியலில் கோவை உண்டு, நெடும்பாச்சேரி (கொச்சி விமான நிலையம்) இல்லை.

ஆனால் நம் காய் பெரும்பாலும் வழக்கமான பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில், பயணிகளின் பெட்டிகளோடுதான் போகிறது. அதற்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. அதனால் விமானச் சரக்கு வாடகையை நாமேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது எடையில்தான். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. 60×40×40 பெட்டியில் 8 கிலோ கறிவேப்பிலை அடைத்தால் 16 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். இலை, கீரைக்கு இந்த நஷ்டம் அதிகம். பச்சை மிளகாய், சின்ன வெங்காயத்துக்குக் குறைவு. பெட்டியை இறுக்கமாக அடையுங்கள், ஆனால் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

அடுத்த சிக்கல் இடம். பயணிகளின் பெட்டி ஏறிய பிறகுதான் சரக்கு. ஓணத்துக்கு முந்தைய வாரம் வளைகுடாவில் காய்க்குக் கிராக்கி, விமானத்திலோ இடமில்லை. கோவையில் வந்துபோகும் சிறிய விமானங்களில் பெட்டிகளைக் கையால்தான் அடுக்குவார்கள்; எடை கூடினால் முதலில் இறக்குவது சரக்கைத்தான். கொள்கலனோடு ஏற்றும் அகல உடல் கொண்ட பெரிய விமானம் வேண்டுமென்றால் வாளையார் தாண்டி நெடும்பாச்சேரிக்குப் போகலாம். அப்போது லாரி வாடகையையும், வெயிலில் காய் வாடுவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு (கட்டணம் 500 ரூபாய்), அபெடா (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) பதிவு, ஒவ்வொரு சரக்குக்கும் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் தேவை. சான்றிதழில் உள்ள பெட்டி எண்ணிக்கையும் ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டு) உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பெட்டி வித்தியாசப்பட்டாலும் மொத்தச் சரக்கும் நின்றுவிடலாம்.

சரக்கு இறக்கப்பட்டால் அடுத்த விமானம் எது, அதுவரை குளிர் அறை உண்டா, அதன் வாடகை யார் தலையில் என்பதை முன்பதிவின்போதே ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.