குரல் நரம்பு நெஞ்சுக்குள் இறங்குவது ஏன்?

வாரக்கணக்கில் குரல் கம்மியே இருக்கிறது என்று போனால், மருத்துவர் சில நேரம் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தொண்டைக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு? ஒரு நரம்புதான் தொடர்பு.

குரல்வளைக்கு வரும் நரம்புகள் எல்லாமே வேகஸ் எனப்படும் 10ஆம் கபால நரம்பின் கிளைகள். பக்கத்துக்கு இரண்டு. மேல் குரல்வளை நரம்பு கழுத்திலேயே பிரிந்து சுருக்கமாக வந்து சேர்ந்துவிடும். அதன் உட்கிளை குரல் நாண்களுக்கு மேலுள்ள பகுதியின் உணர்ச்சியைக் கவனிக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வழிமாறினாலும் நமக்குப் புரையேறுவது அதன் உபயம். வெளிக்கிளை இயக்குவது கிரிக்கோதைராய்டு என்ற ஒரே தசையை. நாணை இழுத்து விறைப்பாக்கிச் சுருதியை ஏற்றும் தசை அது. இந்தக் கிளை அடிபட்டால் பேச்சில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் பாடுபவர்களுக்கு மேல் ஸ்தாயி எட்டாது.

குரல்வளையின் மற்ற உள்தசைகள் அத்தனையும் மீள் குரல்வளை நரம்பின் பொறுப்பு. அது குரல்வளையைத் தாண்டிக் கீழே போய், பிறகு திரும்பி மேலேறுகிறது. வலப்பக்கம் கழுத்தடியில், கைக்கு இரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். இடப்பக்க நரம்போ மார்புக்குள்ளேயே இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் புகுந்து, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியே ஏறி வருகிறது.

இந்தச் சுற்றுவழி கருவிலேயே முடிவாகிவிடுகிறது. கழுத்து உருவாகாத பருவத்தில், கருவின் தொண்டைப் பகுதியில் வரிசையாக வளைந்து செல்லும் தமனிகளில் 6ஆவதான வளைவுத் தமனிக்குக் கீழாக இந்த நரம்பு நேரே செல்கிறது. பின்னர் இதயமும் தமனிகளும் மார்புக்கு இறங்கும்போது நரம்பையும் இழுத்துக்கொண்டு போகின்றன. வலப்பக்கம் அந்தத் தமனியின் கடைப்பகுதி மறைந்துவிடுவதால், நரம்பு சற்று மேலேயே தங்கிவிடுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே கதைதான். அதன் நீண்ட கழுத்தில் இந்த நரம்பு மீட்டர் கணக்கில் இறங்கி ஏறுகிறது. முதுகெலும்பிகளின் பழைய உடலமைப்பை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் உறுப்பு வேறு இருக்கிறதா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

வழி நீளமானால் ஆபத்தும் கூடும். நுரையீரல் புற்றுநோய், பெருந்தமனி வீக்கம் எதுவானாலும் இடப்பக்க நரம்பை அழுத்திக் குரலைக் கெடுக்கலாம். இதய நோயால் குரல் கம்முவதை ஆர்ட்னர் என்ற மருத்துவர் 1897இலேயே விவரித்தார். தைராய்டு அறுவை சிகிச்சையில் சுரப்பியை ஒட்டியே ஓடும் இந்த நரம்பை முதலில் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வதும் இதனால்தான். ஒரு பக்கம் அறுபட்டால் குரல் காற்றாகப் போகும். இரு பக்கமும் அடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். நாண்களை விரித்துத் திறக்கும் தசை பின்புறக் கிரிக்கோஅரிட்டினாய்டு ஒன்றே; அது செயலிழந்தால் நாண்கள் நடுவில் வந்து நின்றுவிடும். பேச்சு ஓரளவு வரும், மூச்சுதான் திணறும். அப்போது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டியிருக்கும்.