மேலே எது, மணி என்ன?

மழை விட்ட முதல் ராத்திரி திண்ணையில் ட்யூப்லைட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள். ஈசல், அந்துப்பூச்சி, பெயர் தெரியாத பச்சைப்பூச்சி என்று ஒரு பட்டாளமே வந்து மொய்க்கும். விளக்கில் விழும் விட்டிலை ஆசைக்கு உவமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் விட்டிலுக்கு அப்படியொன்றும் ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால், அது விளக்கை நோக்கி நேராகப் போவதே அபூர்வம். சுற்றிச் சுற்றி வரும். செங்குத்தாக ஏறி, வேகம் குறைந்து, அந்தரத்தில் தடுமாறும். சில சமயம் மல்லாந்து பொத்தென்று விழும்.

இந்தத் தடுமாற்றத்தை அதிவேகக் கேமராவில் பிடித்தவர்கள் சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள். 2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது எளிமையான விஷயம்: பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

ஏன் முதுகு? பறக்கிற பூச்சிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிந்தாக வேண்டும். சட்டென்று திரும்பி வளைந்து பறக்கும்போது உடம்பில் படும் விசைகளில் புவியீர்ப்பு எது என்று பிரித்தறிவது கஷ்டம். அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். ஆகவே வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டினால் போதும், நேராகப் பறக்கலாம். பூச்சிகள் பறக்கத் தொடங்கி 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. தெருவிளக்கு வரும்வரை இந்த விதி ஏமாற்றியதில்லை.

இப்போது ஒரு பல்பு பூச்சிக்குப் பக்கவாட்டில் வந்துவிடுகிறது. முதுகை அதன் பக்கம் சாய்த்தால் பாதை வளையும். வளைந்தால் மறுபடி சாய்க்க வேண்டும். அதுதான் அந்தச் சுற்றல். பல்பு கீழே இருந்து, அதைத் தாண்டிப் பறந்தால் பூச்சி மல்லாந்துவிடும். ஆய்வாளர்கள் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேலே கட்டி ஒளியூட்டியபோது பூச்சிகள் ஒழுங்காகப் பறந்து போயின. அதே துணியைத் தரையில் விரித்து ஒளியூட்டியபோது புரண்டு விழுந்தன. இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. நம் வீட்டு அரளியிலும் நந்தியாவட்டையிலும் பச்சைப் புழுவாக வளரும் பருந்து அந்துப்பூச்சி விளக்கைச் சட்டை செய்யாமல் மேலேயே பறந்து போனது. எப்படிச் சமாளிக்கிறது என்பது இன்னும் புதிர்தான்.

சரி, கண்ணுக்கு வருவோம். தேனீயின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சில்லும், அதாவது குட்டி லென்ஸும், தன் பங்கு ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். பகலுக்கு அது போதும். அந்துப்பூச்சியின் கண்ணில் நூற்றுக்கணக்கான சில்லுகளின் வழியே வரும் ஒளி ஒரே புள்ளியில் குவிகிறது. முழுநிலா வெளிச்சமே 0.3 லக்ஸைத் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) தாண்டுவது அரிது; நட்சத்திர வெளிச்சம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அந்த வெளிச்சத்திலும் பூவின் நிறத்தைப் பிரித்தறியும் அந்துப்பூச்சிகள் உண்டு. இவ்வளவு கூர்மையான கண்ணைப் பகலில் காக்க, சில்லுகளுக்கிடையே கருநிறமித் துகள்கள் இறங்கித் திரைபோல் மறைத்துக்கொள்ளும். இருட்டினால் மேலேறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் சுவிட்சைத் தட்டினாற்போல் நடப்பதில்லை, நிமிடக்கணக்கில் ஆகும்.

கண் பார்ப்பது ஒன்று. நேரம் கணிப்பது வேறு. பழ ஈயின் மூளையிலுள்ள கடிகார நரம்புசெல்களில் 'பீரியட்', 'டைம்லெஸ்' என்ற இரு புரதங்கள் அந்தி சாய்ந்ததும் சேரத் தொடங்குகின்றன. நள்ளிரவு வாக்கில் செல்லின் கருவுக்குள் நுழைந்து, தங்களை உண்டாக்கும் மரபணுக்களையே அடக்குகின்றன. அப்புறம் சிதைந்து, மறுநாள் சுற்று தொடங்குகிறது. இதன் அடிப்படையை அவிழ்த்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒளி எங்கே நுழைகிறது? 'கிரிப்டோகுரோம்' என்ற புரதம் நீல ஒளி பட்டதும் டைம்லெஸ்ஸைப் பிடித்து, அழிவுக்கு அனுப்பிவிடும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரவின் தொடக்கத்தில் 10 நிமிடம் வெளிச்சம் காட்டினால், சேர்த்துவைத்த புரதம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும், கடிகாரம் பின்தங்கும். அதே 10 நிமிடத்தை விடியலுக்குச் சற்று முன் காட்டினால், எப்படியும் அழியவேண்டிய புரதம் முன்னதாகவே அழியும், கடிகாரம் முந்திக்கொள்ளும். ஒரே வெளிச்சத்துக்கு, பட்ட நேரத்தைப் பொறுத்து நேரெதிர் விளைவு. விளக்கை அணைக்காமலே வைத்தால், சில நாட்களில் ஈக்குத் தூக்கமும் நடமாட்டமும் தாளம் தப்பிவிடும். கிரிப்டோகுரோம் பழுதான ஈக்கள் மட்டும் அந்த வெளிச்சத்திலும் தாளம் தவறுவதில்லை!

தெருவில் எரியும் வெள்ளை எல்இடி விளக்கின் ஒளி உச்சம் 450 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே, அதாவது இந்தப் புரதம் உணரும் நீலத்தில்தான் விழுகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் நீலம் மிகக் குறைவு. விளக்குக்குக் கீழே 10 லக்ஸ் என்பது சாதாரணம். முழுநிலாவைப்போல் முப்பது மடங்குக்கும் மேல்.

திண்ணை ட்யூப்லைட்டை அணைத்த பிறகும் சுவரில் ஒட்டிய அந்துப்பூச்சிகளில் பாதி உடனே கிளம்புவதில்லை. கண்ணிலிருக்கும் நிறமி இன்னும் இறங்கியே இருக்கிறது. நிமிடங்கள் போகப்போகத்தான் இருட்டு அவற்றுக்குப் புலப்படத் தொடங்கும். விளக்குப் பட்டிக்குப் பின்னால் இருக்கும் பல்லிக்கு அந்த இடைவெளி போதும்.